பழைய மசில் கார்களில் (பெரிய எஞ்சின் கொண்ட அமெரிக்க வேகக் கார்கள்) கியர்பாக்ஸ் பிரச்சினை அதிகம் என்று வைத்திருப்பவர்களே சொல்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

நீங்கள் வாங்க நினைப்பது எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினும் ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட, எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும் வண்டி. அதே வகை வண்டி என்னிடமும் இருக்கிறது. அதுவும் இன்னொருவர் ஓட்டிக் கைமாறியதுதான். உரிமையாளர்கள் சொல்லும் சத்தங்கள் எல்லாம் உண்மை. 'கியர்பாக்ஸ் போய்விட்டது' என்று அவர்கள் முடிவு கட்டுவதைத்தான் நான் அவ்வளவாக நம்புவதில்லை. என் வண்டியில் வந்த மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கும் நானே முதலில் அந்தப் பெயரைத்தான் வைத்தேன்.

வாங்கிய இரண்டாம் வாரம், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு நடுக்கம். முதலில் பார்த்த மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்றார். இரண்டாமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டிஃபரன்ஷியல் ஆயிலை யாராவது மாற்றினார்களா?" எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல். பழைய ரசீதுகளைப் புரட்டினேன். மாற்றியிருந்தார்கள், ஆனால் சாதாரண ஆயில். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதற்குள் கிளட்ச் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் அந்தத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். அதற்கென ஆயிலில் ஒரு சேர்மானம் உண்டு. அது இல்லாவிட்டால் தட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். அதுதான் அந்தக் கடகட. சரியான ஆயிலை ஊற்றி, காலி மைதானத்தில் இருபது முறை எட்டுப் போட்டேன். சத்தம் அடங்கிவிட்டது.

அடுத்தது கிளட்ச். எஞ்சினை உச்சத்துக்கு ஏற்றிக் கியர் மாற்றினால் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்ப வராது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். பழசானால் சூட்டில் குமிழி கட்டும். புதிதாக மாற்றி, காற்றை வெளியேற்றியதும் சரியாயிற்று.

மூன்றாவதில் புலம்பியவர்களே ஜெயித்தார்கள். காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்து இரண்டாம் கியர் போட்டால் 'கர்ர்' என்று பல் உரசும். எந்த ஆயிலுக்கும் மசியவில்லை. பல்லோடு பல் பொருந்தும் முன் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருந்தது. கியர்பாக்ஸைப் பிரித்தே தீர வேண்டியிருந்தது. செலவைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆகவே சத்தம் எப்படி இருக்கிறது என்பதை விட எப்போது வருகிறது என்று பாருங்கள். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் கேட்டால், பெடலை மிதிக்கையில் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வந்தால், நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருள விடுங்கள்; அப்போதும் அதிர்ந்தால் எஞ்சினையும் கிளட்சையும் விட்டுவிட்டு டயர், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் கிராஸ் ஜாயின்ட் பக்கம் போங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் 'டொக்' என்றாலும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். ஐந்தாம் கியரில் மெதுவாகப் போகும்போது முழுக்க அழுத்துங்கள்: எஞ்சின் மட்டும் உறுமி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் மறுபேச்சில்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் நான் கவனிப்பது ஒன்றுதான். சீரான வேகத்தில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது, வரிவரியான தரையில் ஓடுவதுபோல் வண்டி நடுங்குகிறதா? எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் சரியாகப் பிடிக்காததன் அடையாளம் அது. சில நேரம் ஆயில் மாற்றினாலே போய்விடும். சில நேரம் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்று, பின் டயர்களைப் பாருங்கள். முன் டயர்கள் பழசாக இருக்க, பின்னவை மட்டும் புத்தம் புதியவை என்றால், அந்தப் பழைய ஜோடி எங்கே புகையாகப் போனது என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அப்படிப் புகை வரச் சுழலவிடுகையில் சக்கரம் தரையில் துள்ளித் துள்ளிப் பிடிக்கும்போது விழும் அடியெல்லாம் ஆக்சில் ஷாஃப்டிலும் டிஃபரன்ஷியலிலும்தான் போய்ச் சேரும்.

பார்க்கப் போகும் முன், வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் போனபோது என் வண்டியின் பானெட் தொட முடியாத சூட்டில் இருந்தது. குளிரில் உரசும் அதே இரண்டாம் கியர் அன்று சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது.