இருட்டில் மணி பார்ப்பது எப்படி? பிலிம் கழுவும் வாசகர்களுக்குச் சில பதில்கள்

குளியலறையையோ சாமான் அறையையோ இருட்டறையாக்கி, கறுப்பு-வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்களின் கேள்விகள் இவை. பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியே இருக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் நேரத்தையும் தண்ணீரின் சூட்டையும் பிரித்துப் பேச முடியாது. அதனால் பதில்களில் தெர்மாமீட்டர் அடிக்கடி வரும்.

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. குளியலறை விளக்கை அணைத்தால் கடிகாரம் தெரிவதில்லை. 35 மி.மீ. பிலிமுக்குக் கழுவும் நேரமான 13 நிமிடத்தை எப்படிக் கணக்கிடுவது?

அந்த 13 நிமிடமும் நீங்கள் இருட்டில் நிற்க வேண்டியதே இல்லை. பிலிமை ரீலில் ஏற்றி, வெளிச்சம் புகாத டேங்குக்குள் இறக்கி, மூடியைத் திருகும் வரைதான் முழு இருட்டு தேவை. அப்புறம் விளக்கைப் போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே வேலை செய்யலாம். பேட்டர்சன் வகை டேங்க் என்றால் நடுவில் இருக்கும் கறுப்புக் குழாயைப் பொருத்த மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மூடியின் துளை வழியே வெளிச்சம் நேராக உள்ளே இறங்கிவிடும்.

ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். 4×5 அங்குலத் தாள் பிலிமைத் தட்டில் கழுவுகிறேன். மனத்துக்குள் எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. என்ன செய்யலாம்?

மூடியில்லாத தட்டு என்பதால், உங்களுக்குத்தான் இருட்டுக் கடிகாரம் உண்மையிலேயே தேவை. மனத்துக்குள் எண்ணுவதை விட்டுவிடுங்கள். கை வேலையில் மூழ்கும்போது எண்ணிக்கை தானாக வேகம் மாறும், அதுவும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் மாறாது. இருட்டில் கண்ணைவிடக் காதுதான் நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கிராலேப் போன்ற பெரிய முகப்புக் கடிகாரம். அதன் முள்களும் எண்களும் இருட்டில் ஒளிரும். நல்ல கருவிதான். ஆனால் வெளிச்சம் பட்ட உடனே அது மிகப் பிரகாசமாக ஒளிரும் என்பதால், விளக்கை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்தே பிலிமை வெளியே எடுங்கள். கடிகாரத்தைத் தட்டிலிருந்து தள்ளி, முகம் வேறு பக்கம் பார்க்கும்படி வையுங்கள்.

இரண்டாவது, இசை பயில்வோர் வைத்திருக்கும் மெட்ரோனோம். நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு. பியானோ பயின்றவரான புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் தன் இருட்டறையில் மெட்ரோனோம் பயன்படுத்தியவர். தாள்களை அடியிலிருந்து எடுத்து மேலே போடும் வேலைக்கு இந்தத் தட்டு மிகவும் உதவும். 6 தாள் இருந்தால் 5 தட்டுக்கு ஒன்று, அரை நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். டெவலப்பரில் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்) இறக்குவதற்கு முன் ஒவ்வொரு தாளாக வெறும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

மூன்றாவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன், செலவும் இல்லை. உங்கள் குரலிலேயே முழு வேலையையும் பதிவு செய்துவிடுங்கள். "தொடங்கு", "ஒரு நிமிடம்", "பாதி முடிந்தது", "இன்னும் 15 நொடி", "தாளைத் தூக்கு, வடியட்டும்", "ஸ்டாப் பாத்துக்கு (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்) மாற்று" என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியை அறைக்கு வெளியே, கதவுக்கு அருகில் வைத்து ஒலிக்க விடுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற பதற்றமே இருக்காது. வெப்பநிலைக்கு ஒரு பதிவு, டெவலப்பருக்கு ஒரு பதிவு என்று சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசித் திரையின் வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைத்தால் போதாதா? அல்லது சிவப்பு பல்பு?

இரண்டும் வேண்டாம். எச்பி5, டிரை-எக்ஸ் போன்ற கறுப்பு-வெள்ளை பிலிம்கள் எல்லா நிறத்துக்கும் கூருணர்வு கொண்டவை, சிவப்பும் அதில் அடக்கம். சிவப்பு விளக்கு அச்சுத்தாளுக்கும், இல்போர்ட் நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ் போன்ற, சிவப்பை உணராத ஆர்த்தோ பிலிமுக்கும் உரியது. கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கழற்றி வெளியே வையுங்கள். திரை அணைந்திருந்தாலும், நாடித் துடிப்பு பார்க்கும் பச்சை விளக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கும். ஏர்கோன், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றில் எரியும் சிறு விளக்குகள் மேலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதிக்கலாம். வீணாகும் பிலிம் துண்டு ஒன்றை வேலை செய்யும் இடத்தில் வைத்து, அதன் மேல் ஒரு 20 சென் காசை வையுங்கள். கழுவும் நேரம் முழுவதும் அப்படியே விட்டு, பிறகு கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் அறை இன்னும் இருட்டாகவில்லை.

செந்தூலில் குழாய்த் தண்ணீர் 29 டிகிரி. எல்லா அட்டவணையும் 20 டிகிரிக்குத்தான். ஐஸ் போட்டே ஆக வேண்டுமா?

நம் நாட்டில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சூடு ஏற ஏற டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரம் சுருங்கும். இல்போர்ட் தரும் கணக்குப்படி, 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம். அதாவது 3 டிகிரிக்குக் கால் பங்கு நேரம் போய்விடும்.

எச்பி5 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 400-ல் எடுத்து, ஐடி-11 டெவலப்பரைக் கலக்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் 7½ நிமிடம். அதே கணக்கில் 29 டிகிரிக்குப் போனால் 3 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 5 நிமிடத்துக்குக் குறைவான நேரங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஊற்றுவதில் 20 நொடி பிசகினாலே படத்தில் தெரியும், வானம் போன்ற வெறும் பரப்பு திட்டுத்திட்டாக வரும். அதனால் சமபங்கு தண்ணீர் சேர்த்து 1+1 ஆகப் பயன்படுத்துங்கள். 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம்.

ஏன் 24 என்கிறேன்? 20-க்கு இறக்கினால், 30 டிகிரி அறையில் அது அங்கேயே நிற்காது, கழுவும் நேரத்துக்குள் ஏறத் தொடங்கிவிடும். அடுத்தது அலசும் தண்ணீர். அது கழுவிய வெப்பநிலையிலிருந்து 5 டிகிரிக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் சூடு திடீரென்று மாறினால் பிலிமின் ஜெலட்டின் படலம் சுருங்கி வெடிக்கலாம். 24-ல் கழுவினால் உங்கள் 29 டிகிரிக் குழாய்த் தண்ணீரிலேயே அலசிக்கொள்ளலாம். 20-ல் கழுவினால் அலசுவதற்கும் குளிர்ந்த தண்ணீர் தேட வேண்டும்.

ஐஸை டெவலப்பரில் நேரடியாகப் போடாதீர்கள், கலவை மாறிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி, பெரிய வாளித் தண்ணீரில் போடுங்கள். போத்தல்களும் டேங்கும் அந்த வாளியில் நிற்கட்டும். குலுக்கிய ஒவ்வொரு முறையும் டேங்கைத் திரும்ப வாளியிலேயே வையுங்கள்.

டெவலப்பரை ஊற்றத் தொடங்கும்போது மணி பார்ப்பதா, ஊற்றி முடித்த பிறகா?

ஊற்றி முடித்ததும் தொடங்குங்கள், நேரம் முடிய 10 நொடி இருக்கும்போது வெளியே கொட்டத் தொடங்குங்கள். வேறு முறையில் பழகியிருந்தால் அதையே மாறாமல் செய்யுங்கள். குலுக்குவதும் அப்படித்தான்: முதல் 10 நொடியில் 4 முறை கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 நொடிக்குள் 4 முறை. ஒவ்வொரு தடவையும் டேங்கை மேசையில் ஒரு தட்டு தட்டினால் காற்றுக் குமிழி விட்டுப்போகும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லும் வெள்ளி ரதத்தை இரவில் எச்பி5-ல் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுத்தேன். நேரம் என்ன?

ஐடி-11 கலக்காமல், 20 டிகிரியில் 14 நிமிடம். 24 டிகிரியில் ஒன்பதரை நிமிடத்தை ஒட்டி வரும். ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: நேரத்தைக் கூட்டினால் வெளிச்சப் பகுதிதான் அதிகம் ஏறும். ரதத்தின் விளக்குகள் இன்னும் பளிச்சென்று வரும், நிழலில் நின்றவர்களின் முகம் பிலிமில் பதியாமல் இருந்தால் எவ்வளவு நேரம் கழுவினாலும் வராது. அடுத்த ஆண்டு முகங்களுக்கு அளவு பார்த்து எடுங்கள். நிச்சயம் மனத்துக்கு நிறைவாக இருக்கும்.

மாற்றுப் பையில் (கையை உள்ளே விட்டு பிலிம் ஏற்றும், வெளிச்சம் புகாத பை) கை வியர்த்து, பிலிம் ரீலில் பாதியில் சிக்கிக்கொள்கிறது. (பட்டர்வொர்த்)

ஈரம்தான் காரணம். பிளாஸ்டிக் ரீல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், முந்தைய பிலிமுக்குப் பிறகு ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்துங்கள். ஏர்கோன் போட்டு அறை குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். சிக்கினால் இழுக்காதீர்கள். பிலிமையும் ரீலையும் டேங்கில் போட்டு மூடி, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு மீண்டும் முயலுங்கள்.

ஃபிக்ஸரில் எவ்வளவு நேரம்? எப்போது மூடியைத் திறக்கலாம்?

வெட்டியெடுத்த பிலிம் முனையை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) போட்டு, பால் நிறம் மறைந்து தெளிவாகும் நேரத்தைப் பாருங்கள். அதைப்போல் இரு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள். அந்த நேரம் முடிந்ததும் தயங்காமல் திறக்கலாம். புது ஃபிக்ஸரில் எடுத்ததைவிட இரு மடங்கு நேரம் கழித்தே முனை தெளிகிறது என்றால் அந்த ஃபிக்ஸரை மாற்றிவிடுங்கள்.