ஏரிக்கரையில் நின்று மலையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பயணம்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சுற்றுலாக் குழுவோடு ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்குச் சென்றிருந்தோம். நாள்காட்டிப் படங்களில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட ஏரிக்கரை ஊர் அது. பேருந்து நிறுத்துமிடத்தில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்து, எல்லாரும் படமெடுக்கும் இடத்தில் காத்திருந்து படமெடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் திரைப்படத்துக்குப் போட்ட செட் போல இருக்கிறதே என்று மகள் சொன்னபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் பார்வையில் தோன்றும் எண்ணத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் மகளின் கண் கூர்மையானது. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், ஹுவெய்சோ வட்டாரத்தில், இந்த ஊரின் தேவாலயத்தையும் சதுக்கத்தையும் வீட்டு முகப்புகளையும் பார்த்துக் கட்டிய குடியிருப்பு ஒன்று 2012இல் திறக்கப்பட்டது. முகப்பு மட்டும் போதுமென்றால் அங்கே போகலாம். சிங்கப்பூரிலிருந்து விமானப் பயணமும் குறைவு. அசல் ஊரில் வசிப்பவர்கள் எண்ணூறு பேருக்கும் குறைவு. நெரிசல் மிகுந்த நாள்களில் வந்து போகிறவர்களோ பத்தாயிரம் பேர் வரை. நீங்கள் காத்து நின்ற அதே படமெடுக்கும் இடத்தில், 2023இல், ஏரிக் காட்சியை மறைத்து ஊரார் மரத்தடுப்பு எழுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அகற்றிவிட்டார்கள். வீட்டு வாசலில் நாள் முழுவதும் அந்நியர்கள் நிற்பதைச் சகித்துக்கொள்ளும் ஊர் கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரியும். ஆகவே, உங்களுக்குத் தோன்றியது பொய்யில்லை. அது கரையைப் பற்றிய எண்ணம். அந்த ஊர் அங்கே இருப்பதற்கான காரணம் மலைக்குள் இருக்கிறது.

காரணம் உப்பு. நம் திணை மரபில் உப்பு நெய்தல் நிலத்துப் பொருள். கடலோரத்தில் விளைந்த உப்பை உமணர் வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோவதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. ஹால்ஸ்டாட்டில் அது குறிஞ்சியில் கிடக்கிறது. ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு, ஆல்ப்ஸ் மலைகள் எழும்பியபோது பாறையோடு மேலே தூக்கப்பட்டது. அங்கே உப்பெடுக்கும் தொழில் ஏழாயிரம் ஆண்டுகள் பழமையானது என்கிறார்கள் தொல்லியலாளர்கள். உப்பில் மரம் மட்காது என்பதால், கி.மு. 1344இல் வெட்டிய மரங்களால் செய்த படிக்கட்டு ஒன்று சுரங்கத்துக்குள் சிதையாமல் கிடைத்திருக்கிறது. சுரங்க அதிகாரியாக இருந்த யோஹன் கேயோர்க் ராம்சவர் 1846இல் மலைப் பள்ளத்தாக்கில் பழைய இடுகாட்டைக் கண்டறிந்து, 1863 வரை ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகளை அகழ்ந்தார். கிடைத்தவை ஓவியங்களாகவும் பதிவுசெய்யப்பட்டன. மத்திய ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலம், அதாவது ஏறத்தாழ கி.மு. 800 முதல் 450 வரையிலான காலம், இன்றும் இந்தச் சிற்றூரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நீங்கள் படமெடுத்த அழகையும் இதை வைத்தே பார்க்க வேண்டும். செங்குத்தான மலைக்கும் ஆழமான ஏரிக்கும் நடுவில் ஊருக்குக் கிடைத்தது ஒரு நாடா அகல நிலம்தான். ஆனாலும் உப்பை விட்டு விலக மனமில்லாதவர்கள் வீட்டின் தலைமேல் வீடாக மலைச்சரிவில் ஏற்றிக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கரையோரச் சாலை கிடையாது, படகுதான் போக்குவரத்து. 1750இல் பெருந்தீ ஊரின் நடுப்பகுதியை அழித்தது, சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகள் பல அதன் பிறகு எழுந்தவை. உப்புநீரைக் காய்ச்சச் சுற்றுவட்டாரத்து விறகு போதாமல் போகவே, விறகை வரவழைப்பதற்குப் பதிலாக உப்புநீரையே காடு இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள்: குடைந்த மரத்தண்டுகளைக் கோத்து ஏபென்சே என்ற ஊர் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் குழாய் அமைத்து, 1607இல் அங்கே காய்ச்சத் தொடங்கினார்கள். இந்த மலையின் உப்புநீர் இன்றும் ஏபென்சேக்குத்தான் போகிறது. செட்டுக்குப் பின்புறம் இவ்வளவு இருக்காது.

மறுமுறை வாய்ப்புக் கிடைத்தால் ரயிலில் செல்லுங்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து ஆட்னாங்–புக்ஹைமில் மாறி இரண்டரை மணி நேரம் போல ஆகும். நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் நேரத்துக்கேற்பப் படகு காத்திருக்கும். தண்ணீரின் நடுவிலிருந்து பார்க்கும்போதுதான் மலை எவ்வளவு பெரியது, ஊர் எவ்வளவு சிறியது என்பது உறைக்கும். பேருந்து நிறுத்துமிடத்தின் வழியாக நுழைபவர்களுக்கு ஊர் தன் முதுகைத்தான் காட்டுகிறது என்பது என் கருத்து.

கேள்வி: அதே ஊரின் தேவாலயத்தில் மண்டையோடுகளை அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எழுபது வயதைக் கடந்த என் அம்மாவை அழைத்துச் செல்லலாமா? மனம் சங்கடப்படுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அம்மாவின் மனத்தைவிட முழங்காலைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன், தேவாலயத்துக்குப் படிகள் ஏற வேண்டும். அங்கே ஏறத்தாழ 1,200 மண்டையோடுகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இறந்தவரின் பெயரோடு மலர்களும் இலைக்கொடிகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. இடுகாடு மிகச் சிறியது என்பதால் சில ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்து, அடுத்தவருக்கு இடம் கொடுத்தார்கள். எடுத்த மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, வண்ணம் தீட்டி, உறவினரின் மண்டையோட்டுக்கு அருகில் வைத்தார்கள். கடைசியாக ஒன்று சேர்க்கப்பட்டது 1995இல். சுவா சூ காங் இடுகாட்டில் 15 ஆண்டுகளுக்குப் பிறகு கல்லறைகள் தோண்டப்படும் விதிமுறையை அறிந்த சிங்கப்பூரர்களுக்கு இதில் திகைக்க எதுவும் இல்லை. நிலமில்லாத ஊர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். என்ன பார்க்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பெயர்களைப் படித்து யார் யாருக்கு என்ன உறவு என்று அவரே கேட்கத் தொடங்கலாம்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் போகலாமா? நாங்கள் சைவம், முட்டை உண்போம்.
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: பனி விழுந்த ஊர் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் சுற்றிலும் உயர்ந்த மலைகள் இருப்பதால் குளிர்காலத்தில் வெயில் அரிது. சுரங்கமும் மலை ரயிலும் சில வாரங்கள் மூடப்படுவதுண்டு என்பதால் தேதிகளைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு வாங்குங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடல்ஸ் வகையும், முட்டை சேர்த்த மாவைச் சுட்டுப் பிய்த்துப் பிளம் பழக் கூழோடு தரும் கைசர்ஷ்மார்னும் உங்களுக்கு ஒத்துவரும். சூப் கேட்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. சூப்பில் போடும் மாவுருண்டை சைவமாக இருந்தாலும் அது மிதக்கும் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் காய்ச்சியதாக இருக்கும். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள், பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் உணவகத்தில் நிதானமாக உட்கார இடம் கிடைக்கும். தங்காமல் ரயிலில் திரும்புவதென்றால் கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பிறகு எதிர்க்கரைக்குப் படகு இருக்காது.