ராத்திரி வர்றவன் அமீனா இல்ல

கடிதம்:
அண்ணா, அமீனாங்கிறது எந்த மொழி? பொம்பளைப் பேரு மாதிரி இருக்கே, ஜப்திக்கு வர்ற ஆளுக்கு ஏன் வச்சாங்க? போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு பைனான்ஸ் பாக்கிக்காக ஒரு அமீனா வந்து டெய்லர் மாமாவோட தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான், அதுலேர்ந்து இந்த வார்த்தையே மண்டைக்குள்ள ஓடுது.

பதில்:
தம்பி, அரபுல 'அமீன்'னு சொன்னா நம்பிக்கைக்குரியவர். நபிகள் நாயகத்தை மக்கா ஜனங்க அல் அமீன்னு கூப்பிட்டாங்க. மொகலாயர் ஆட்சியில நிலவரி நிர்ணயிக்கிற அதிகாரிக்கு அந்தப் பேரு, அப்புறம் வெள்ளைக்காரன் கோர்ட்டுல டிக்ரியை, அதாவது சிவில் கேஸ் தீர்ப்பை, நிறைவேத்துற ஆளுக்கு வந்து, நம்ம வாயில வால்ல ஒரு 'ஆ' ஒட்டிக்கிச்சு. முன்சீப், வக்கீல், ஜப்தி எல்லாம் அதே ரூட்டுதான். பொம்பளைப் பேரு சமாச்சாரத்தை விடுங்க.

ஆனா மாமா வீட்டுக்கு வந்தது அமீனான்னு யாருய்யா சொன்னா? கோர்ட் சீல் வச்ச வாரண்ட்டைக் காட்டினானா? 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 62ஆம் பிரிவு, பொழுது சாஞ்சா விடியற வரைக்கும் சாமான் எடுக்க வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. 60ஆம் பிரிவுல கட்டின துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரனோட கருவி, மத வழக்கப்படி பொம்பளைங்க கழட்டக் கூடாத நகை, எதையும் தொட முடியாது. வந்தவன் கலெக்‌ஷன் ஏஜென்ட். ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிடுச்சு, ராத்திரி ஏழுக்கு மேல ஏஜென்ட் போன்கூட பண்ணக் கூடாதுன்னு. படிச்ச புள்ள நீங்க, அவனுக்குப் போயி கோர்ட் உத்தியோகத்தைக் குடுக்கறீங்களே!

எங்க வீட்டுக்கு நெசமாவே அமீனா வந்திருக்காரு, அப்பா சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்து போட்ட வினை. அவமானத்துல அம்மா அவர் கேக்காமலே அடுப்படிப் பாத்திரத்தையெல்லாம் கொண்டாந்து திண்ணையில வச்சிட்டாங்க, மனுஷன் சோத்துப்பானை கரண்டி வரைக்கும் தனியா ஒதுக்கி "இதெல்லாம் எடுக்கக் கூடாதும்மா, உள்ள வைங்க"ன்னாரு. பெஞ்சையும் சைக்கிளையும் எழுதிக்கிட்டு, அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. தெருவே அவருக்கு மண்ணை வாரித் தூத்துச்சு, ஜாமீன்ல மாட்டிவிட்ட சிநேகிதரை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல.

சொல்லாராய்ச்சி அப்புறம் பண்ணலாம். மாமாவைக் கூட்டிட்டு நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போங்க, எழுத்துல புகார் குடுத்து ரசீது வாங்குங்க, இன்ஸ்பெக்டர் இழுத்தடிச்சா எஸ்பி ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால் போடுங்க. பாவம், மிஷின் இல்லாம அவர் எதை வச்சுத் தைப்பாரு?