தேன்சிட்டுக்கு நன்றி இல்லையா?

கேள்வி: நான்காம் மாடியில் எங்கள் வாசலை ஒட்டிய தாழ்வாரத் தோட்டத்தில், காகிதப்பூச் செடியில் தேன்சிட்டு கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. நன்றாகத் தெரியட்டும் என்று மறைத்த கிளைகளை வெட்டிவிட்டேன். இரவில் பார்க்க ஒரு விளக்கும் போட்டேன். அம்மா தினமும் சோறும் சீனித் தண்ணீரும் வைக்கிறார். அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பார்க்க நாற்காலியும் போட்டிருக்கிறோம். இவ்வளவு செய்தும் தாய்ப்பறவை எங்களைக் கண்டாலே கத்துகிறது. இரண்டு நாளாக முன்போல அடிக்கடி வருவதும் இல்லை. பறவைக்கு நன்றியே கிடையாதா? அது கைவிட்டுவிட்டால் குஞ்சுகளை நாங்களே வளர்க்கலாமா? (மகன் கையில் குஞ்சு இருக்கும் படம் இணைத்துள்ளேன்.)
– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நன்றி கேட்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். அந்தப் பறவை உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரவில்லை, ஒரு கிளைக்காக வந்தது. அந்தக் கிளையைச் சுற்றி இருந்ததைத்தான் நீங்கள் முதல் வேலையாக வெட்டித் தள்ளினீர்கள். மத்தியான வெயில், சாய்ந்து அடிக்கும் மழை, எதிர் புளோக்கிலிருந்து நோட்டம் விடும் காக்கை, இந்த மூன்றிடமிருந்தும் குஞ்சுகளை மறைத்திருந்தது அந்த இலைகள்தான். போதாததற்கு ராத்திரியில் விளக்கு வேறு.

கூட்டை நிதானமாகப் பார்த்தீர்களா? அதைப் பெரும்பாலும் பெட்டையே கட்டியிருக்கும். கழுத்தில் கருநீலம் மின்னுகிற ஆண், பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். கட்டுமானத்தில் அநேகமாகக் கை வைக்காது. (நம் வீடுகளில் கேள்விப்படாத விஷயமா என்ன!) பெட்டை சிலந்தி நூலை அலகில் அள்ளி வந்து கிளை நுனியில் ஒட்டும். அதில் நாரையும் புல்லையும் சருகையும் தொங்கவிடும். ஒரு குப்பைக் கொத்து போல ஆனதும் நடுவில் நுழைந்து, உடம்பால் முட்டி முட்டி அறையைப் பெரிதாக்கும். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழை உள்ளே விழாமல் சின்னதாக ஒரு முகப்பு, உள்ளே பஞ்சு. அடியில் சருகுகள் வால் போலத் தொங்குவதால் பலர் ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டிவிடுகிறார்கள். இவ்வளவு வேலையும் பார்ப்பது ஏறக்குறைய நம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) காசின் எடை உள்ள உடம்பு. அந்தப் பைக்குள் விரலை விட்டுத்தான் குஞ்சை வெளியே எடுத்திருக்க வேண்டும், இல்லையா? சிலந்தி நூல் எத்தனை முறை தாங்கும்?

மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. வாடைக்காக அது குஞ்சை விடுவதில்லை. ஓயாமல் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் தயங்குகிறது. முன்போல வருவதில்லை என்கிறீர்களே, இன்று ஒரு மணி நேரம் எல்லோரும் உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் இருந்து பாருங்கள். அநேகமாகப் பக்கத்து வீட்டுத் துணி காயும் மூங்கில் கழியில், அலகில் ஒரு சிலந்தியைக் கவ்வியபடி அது உட்கார்ந்திருக்கும். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் காத்திருக்கிறது.

இதை நான் யோக்கியன் போலச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் என் வீட்டுத் தொட்டியில் மஞ்சள் அடிவயிற்றுக் கொண்டைக்குருவி கிண்ணம் மாதிரி கூடு கட்டியது. மூன்று குஞ்சு. பத்து நாள் இருக்கும், இறகு முளைத்துக் கண் திறந்த பருவம். கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் நீட்டினேன். மூன்றும் ஒரே நேரத்தில் வெளியே குதித்துவிட்டன. அந்தப் பருவத்தில் மிரட்டினால் பறக்கத் தெரியாவிட்டாலும் குதித்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டைச் செடிகளுக்குள் தேடி எடுத்துக் கூட்டில் வைத்தேன். மூன்றாவதை, நான் செருப்பை மாட்டுவதற்குள், காக்கை கொண்டுபோய்விட்டது. படம் மட்டும் துல்லியமாக வந்திருந்தது.

அம்மாவுக்கு வருகிறேன். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பழகிய கை, சும்மா இருக்காது, புரிகிறது. ஆனால் தேன்சிட்டு தேன் குடித்தாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான். சோறு மைனாவையும் காக்கையையும் கூட்டின் பக்கமே அழைத்து வரும். சட்டமும் இருக்கிறது. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, காட்டுப் பறவைக்கு வேண்டுமென்றே தீனி போடுவது குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. குஞ்சை எடுத்து வளர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அனுமதியை விடுங்கள், விடிந்தது முதல் இருட்டும் வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை பூச்சி பிடித்து ஊட்ட உங்களில் யார் வேலைக்கு லீவு போடப் போகிறீர்கள்? குஞ்சின் எச்சத்தைக்கூடத் தாய்ப்பறவை கூட்டில் விடுவதில்லை. வெள்ளைப் பை போல வெளிவருவதை அலகால் கவ்வித் தூரத்தில் போய்ப் போட்டுவிட்டு வரும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்திருந்தால் எடுத்துக் கூட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்தி நடப்பது தொலைந்துபோன குஞ்சு அல்ல. பறக்கப் பழகுகிறது, பெற்றோர் பக்கத்தில்தான் இருப்பார்கள். அடிபட்டிருந்தால் மட்டும் தேசியப் பூங்காக் கழகத்தையோ அக்ரெஸ் என்ற வனவிலங்கு மீட்புக் குழுவையோ கூப்பிடுங்கள்.

அப்புறம் அந்த நாற்காலிகள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் பூனை இருந்தால், கூடு காலியாகும் வரை அதை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். செடிக்கு வேரடியில் தண்ணீர் ஊற்றலாம், தொட்டித் தட்டில் தேங்க விடாதீர்கள். டெங்கி சோதனைக்கு வருபவர்களிடம் குஞ்சைக் காரணம் சொல்ல முடியாது. பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே கூடாது. வெட்டிய கிளைகள் வாடாமல் கிடந்தால் நிழலுக்குச் செருகிக் கட்டுங்கள், அதையும் தாய் இல்லாத நேரம் பார்த்து இரண்டு நிமிடத்தில்.

முட்டையிட்டதிலிருந்து பறந்து போகும் வரை மொத்தமே நான்கு வாரம் போலத்தான். குஞ்சு பொரித்துவிட்டதால் பாதி போல முடிந்துவிட்டது. பறந்த பிறகும் சில இரவுகள் குஞ்சுகள் தூங்கத் திரும்பி வருவதுண்டு, அதனால் கூட்டை உடனே பிய்த்துவிடாதீர்கள்.

மகன் உள்ளங்கைப் படத்தை இங்கே போடவில்லை. அவனைத் திரைக்குப் பின்னால் உட்காரச் சொல்லி, தாய் கூட்டுக்குள் தலையை விடும்போது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், போடுகிறேன்.