நிலத்தை அடகு வைத்து சீட் வாங்காதீர்கள்

பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு ஒரு தம்பதி என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார்கள். அவளுக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்க ஆசை. பெரியப்பாவோ, "நிலத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. இன்ஜினியரிங் சீட் வாங்கு, அப்புறம் வருத்தப்படாதே" என்று தினமும் போன் செய்கிறாராம். அப்பா குழம்பிப் போயிருந்தார். அவருக்கு நான் சொன்னது, அதே நிலையில் இருக்கிற எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும்.

அந்தக் கடனை வாங்காதீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை. கோடிங்கில் ஈடுபாடே இல்லாத பிள்ளையை நான்கு வருடம் அதில் உட்கார வைப்பதற்கு நிலத்தைப் பணயம் வைப்பது தவறு. இந்தப் பெண் சால்ட் அனாலிசிஸ் பிராக்டிகல் முடிந்த பிறகும் லேபை விட்டு வரமாட்டாளாம். அம்மா அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அதுதான் அவளுடைய தகுதிச் சான்றிதழ்.

"பி.எஸ்சி. முடித்தால் டீச்சர் வேலைதானே?" என்றார் அப்பா. இல்லை. யாரும் பேசாத ஒரு வழியைச் சொல்கிறேன்: தண்ணீரில் கலந்திருக்கும் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பைக் கண்டுபிடிக்கும் வேதியியல்.

வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரத்திலும் சாக்கடை நீரிலும் பாஸ்பேட் இருக்கிறது. அது ஏரிக்குள் போனால் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுத்து வளரும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்துவிட்டது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாசி அப்படிப் பெருகியதற்கு முக்கியக் காரணம் வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸ்.

பாஸ்பேட்டை அளக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் மாலிப்டேட் முறையைத்தான் பயன்படுத்துகின்றன. தண்ணீரில் மாலிப்டேட் உப்பு உள்ளிட்ட சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும்; அது எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1962இல் மர்ஃபி, ரைலி என்ற இருவர் செம்மைப்படுத்திய முறை அது. நம்பகமானதுதான், ஆனால் ஆர்சனிக் உப்பான ஆர்சனேட் இருந்தாலும் நீலம் வந்துவிடும்.

புதிய வழி, ஒளிரும் நானோ பொருள்கள். சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து, மூடிய கலனில் பல மணி நேரம் சூடாக்கினால் பழுப்பு நிறக் கரைசல் கிடைக்கும். அதில் இருப்பவை கார்பன் டாட்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத கார்பன் துகள்கள். புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். யூரோப்பியம் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்த்தால், அது அந்தத் துகள்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், ஒளி மங்கிவிடும். இப்போது பாஸ்பேட் உள்ள தண்ணீரை விடுங்கள். யூரோப்பியத்துக்குப் பாஸ்பேட் மேல்தான் அதிகப் பிடிப்பு என்பதால் துகள்களை விட்டுவிட்டு அதனுடன் போய்ச் சேரும். ஒளி திரும்ப வரும். எவ்வளவு திரும்புகிறதோ அதை வைத்துப் பாஸ்பேட் அளவைச் சொல்லலாம்.

காய்ச்சி வடித்த தண்ணீரில் இது அழகாக வேலை செய்யும். ஏரித் தண்ணீரில் தகராறுதான். இரும்பு அயனி ஒளியை மங்கவைக்கும், மக்கிய இலைதழையிலிருந்து வரும் பொருள்கள் தாமாகவே ஒளிரும். இந்தச் சிக்கலைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். லேபை விட்டு வராத பெண்ணுக்கான வேலை இது.

செலவைப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்க நிலத்தை அடகு வைக்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அடுத்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயுடன் வீட்டு வாடகைப் படியும் வாங்கிக்கொண்டே ஆராய்ச்சி செய்யலாம். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தத் தேர்வுகள் கடினம். எம்.எஸ்சி.யோடு நிறுத்தி நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தால் முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சம்பளத்தில் கடன் தவணை எதுவும் போகாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். வேதியியல் துறையில் ஒளியை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி இருக்கிறதா, அதை மாணவர்களே தொட்டு இயக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். பெரியப்பாவுக்கு நீங்கள் போன் செய்து, விண்ணப்பம் போட்டாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.