எதிர்க்காற்று பலமாக வீசும்போது கோல்ஃப் பந்தை எப்படி அடிப்பது?

கேள்வி கேட்டவர் புதுச்சேரியில் இருக்கிறார். கோல்ஃப் பழகத் தொடங்கி ஓராண்டு ஆகிறதாம். “எதிர்க்காற்றில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்து உயரே போய்ப் பாதியிலேயே விழுந்துவிடுகிறது, என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறார்.

“எவ்வளவு வேகமாக அடித்தாலும்” என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சொற்களிலேயே கோளாறு என்ன என்பது தெரிந்துவிடுகிறது. நீங்கள் பெரும்பாலும் பிற்பகலில், கடல்காற்று ஏறிய பிறகுதான் பழகுகிறீர்கள் என்றும், ஒரு பந்து குறைவாக விழுந்தால் அடுத்த பந்தை இன்னும் ஓங்கி அடிக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். அதனால் ஒரு குளத்தில் இரண்டு பந்துகளையும், என்னோடு வந்த ஒரு மனிதரின் அன்றைய வரும்படியில் ஒரு பகுதியையும் தொலைத்தேன்.

பதிலுக்குள் போவதற்கு முன் என் தகுதியைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கீழே யாராவது கட்டாயம் கேட்பார்கள். நான் தொழில்முறை ஆட்டக்காரன் அல்லன். என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்) 19-க்குக் கீழே ஒருபோதும் இறங்கியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். “கடலூர்க்காரனுக்கு எதற்குக் கோல்ஃப்?” என்ற கேள்வியை என் சொந்த மாமாவே கேட்டுவிட்டதால், அதை மறுபடியும் இங்கே கேட்டு யாரும் சிரமப்பட வேண்டாம். பம்பு விற்கும் நிறுவனத்தில் வேலை, வாடிக்கையாளர்கள் ஆடுகிறார்கள் என்பதால் நானும் பழக நேர்ந்தது. பழைய மட்டைகளை அரை விலைக்கு வாங்கித்தான் தொடங்கினேன். பயிற்சி முகாம் ஒன்றிலும் பணம் கட்டிச் சேர்ந்தேன். எதிர்க்காற்றைப் பற்றி அங்கே சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: “காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி அடியுங்கள்.” அந்த ஒரு வாக்கியத்தை மறப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

சென்னையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மைதானத்தில், நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம் முடிந்த மறுநாள் ஆட்டம் வைத்திருந்தார்கள். பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். 135 கெஜ தூரத்தில் கிரீன் (குழியும் கொடியும் உள்ள புல்தரை), அதற்கு முன்னால் ஒரு குளம், முகத்துக்கு நேரே கடல்காற்று. எனக்கு அமைந்த கேடி, அதாவது மட்டைப் பையைச் சுமந்து வந்து யோசனை சொல்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் கையை நீட்டுவதற்கு முன்பே ஐந்தாம் எண் அயர்னை (அயர்ன் என்பது இரும்புத் தலை மட்டை; எண் குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும்) உருவி நீட்டி, “அஞ்சை எடுங்க சார், பாதி வீச்சு போதும்” என்றார். காற்றில்லாத நாளில் ஏழாம் எண்ணால் 135 கெஜம் அடிப்பவன் நான் என்று அதற்குச் சற்று முன்புதான் மேலாளரிடம் பெருமை பேசியிருந்தேன். எனவே ஏழாம் எண்ணையே கேட்டு வாங்கி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடித்தேன். பந்து நன்றாகத்தான் கிளம்பியது. பிறகு பட்டம் போல மேலே மேலே ஏறி, ஒரு நொடி அந்தரத்தில் நின்று, நேர்க்குத்தாகக் குளத்தில் விழுந்தது. இரண்டாவது பந்தை அதைவிட ஓங்கி அடித்தேன். அது முதல் பந்தைவிட உயரமாக ஏறி, முதல் பந்தைவிட முன்னாலேயே விழுந்தது.

மேலாளர் கேடியைப் பார்த்து, “காற்று அடிப்பது தெரியவில்லையா, எந்த மட்டை கொடுக்க வேண்டும் என்று தெரியாதா?” என்று கேட்டார். அந்தப் பெரியவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “தப்புதான் சார்” என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் மற்ற கேடிகளுக்குக் கொடுத்ததில் பாதியைத்தான் மேலாளர் அவருக்குக் கொடுத்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பந்து ஏன் அப்படி ஏறியது? சாய்ந்த முகமுள்ள மட்டையால் அடிக்கும்போது பந்து முன்னே போய்க்கொண்டே பின்பக்கமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியும் பந்தின் மேலுள்ள குழிகளும் சேர்ந்து, பந்தைக் கடந்து போகும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. அதன் எதிர்விளைவாகப் பந்து மேலே தூக்கப்படுகிறது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டனின் அமெச்சூர் பட்டத்தை வென்றவர். இந்தத் தூக்குவிசை, பந்து தரையை எந்த வேகத்தில் கடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. காற்றை எந்த வேகத்தில் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்துக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில், காற்று எதிர்த்து வந்தால், பந்தைப் பொறுத்தவரை அது 55 மீட்டர் வேகத்தில் பறப்பதற்குச் சமம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. தூக்குவிசையும் கூடவே உயர்கிறது. நீங்கள் ஓங்கி அடித்தால் வேகத்தோடு சுழற்சியும் கூடுகிறது. பந்து இன்னும் உயரே போகிறது. உயரே போகப் போகக் காற்று இன்னும் பலமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அது எங்கே விழும் என்பதை நானும் குளத்தங்கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். 1690-இல் ஆங்கிலேயர்கள் எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள ஊர்களெல்லாம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்று இன்றும் நாம் சொல்லும் ஊரின் பெயர் அந்தக் குண்டிலிருந்து வந்ததுதான். அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது என்று கெடிலம் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஆனால் கனத்த இரும்புக் குண்டைக் காற்று அவ்வளவாக அசைத்திருக்காது. நம் பந்தின் எடையோ 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

அந்த நாளுக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து அதே மைதானத்துக்குப் போய் அந்தப் பெரியவரைத் தேடினேன். திங்கட்கிழமை அங்கே விடுமுறை, கேடிகள் தாங்களே ஆடிக்கொள்ளும் நாள். ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரமாக வந்து எனக்குக் காண்பித்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவன், சொல்லிக்கொடுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன்.

முதலில் மட்டை. வழக்கமாக ஏழாம் எண் எடுக்கும் தூரத்துக்கு ஆறு அல்லது ஐந்து. காற்று மிகவும் பலமாக இருந்தால் நான்கு கூட எடுக்கலாம். மணிக்கு ஒரு மைல் எதிர்க்காற்றுக்குத் தூரத்தில் ஒரு சதவீதம் கூட்டிக்கொள் என்பது ஆட்டக்காரர்களிடையே உள்ள வாய்க்கணக்கு. 135 கெஜத்துக்கு 15 மைல் காற்று எதிர்த்தால் 155 கெஜம் என்று எண்ணி மட்டையை எடுக்க வேண்டும். பின்காற்று இதே அளவுக்குத் திருப்பிக் கொடுக்காது. ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். பெரிய எண்ணை விட்டுச் சின்ன எண்ணுக்குப் போவதில் மானக்கேடு எதுவும் இல்லை. என்னைத் தடுத்தது அந்த மானக்கேடு என்ற எண்ணந்தான்.

அடுத்தது நிற்கும் விதம். மட்டையின் பிடியில் கையை இரண்டு விரற்கடை கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும். பந்தை வழக்கமான இடத்திலிருந்து ஒரு பந்தின் அகலம் மட்டும் பின்காலை நோக்கித் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் பாரம் தொடக்கத்திலிருந்தே சற்று முன்காலின் மேல் இருக்கட்டும். அடிக்கும் நொடியில் கைகள் பந்துக்கு முன்னால் இருக்கட்டும். காணொளிகளில் பந்தைப் பின்காலுக்கு நேரே வைக்கச் சொல்வார்கள்; அதை நம்பாதீர்கள். அவ்வளவு பின்னால் வைத்தால் மட்டை மேலிருந்து கொத்துவது போல் இறங்கும். பந்து தாழ்வாகக் கிளம்பினாலும் சுழற்சி குறையாது. தாழ்வாகக் கிளம்பிப் பிறகு விசுக்கென்று மேலே ஏறும் பந்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது வீச்சு, இதில்தான் எனக்கு நாள் பிடித்தது. பின்னோக்கிய வீச்சு முக்கால் பங்கு, முன்னோக்கிய வீச்சு அதைவிடக் குறைவு, வேகம் நிதானம். கைகள் மார்பு உயரத்தில் நின்றுவிட வேண்டும். எனக்கோ அடித்து முடித்ததும் மட்டை தானாகவே தோளுக்குப் பின்னால் போய்விடும். பெரியவர் பக்கவாட்டில் தள்ளி நின்றுகொண்டு, மடித்த குடையை மார்பு உயரத்தில் நீட்டி, “இதுல படாம நிறுத்துங்க” என்றார். நான்காவது பந்தில் குடையின் கம்பிகள் முறிந்தன. புதுக் குடை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அதை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மூங்கில் குச்சியோடு வந்தார்.

இதையெல்லாம் பழகியது என் மாமாவின் கொல்லையில். கடலூரிலிருந்து பாலூர் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய பிறகு அடுத்த விதைப்பு வரை வெறுமையாகக் கிடக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பழகலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆள் நடமாடும் இடத்தில் கோல்ஃப் பந்தை அடிப்பது குற்றத்துக்குச் சமம் என்பேன். புதுச்சேரியிலும் தயவுசெய்து செய்யாதீர்கள். மூங்கில் கழியில் பழைய வேட்டித் துண்டைக் கட்டி நட்டு, தூரத்தை அடி வைத்து அளந்துகொண்டேன். காற்று நன்றாக ஏறிய ஒரு பிற்பகலில் ஏழாம் எண்ணால் முழுப் பலத்தோடு அடித்த பந்துகள் நூறு கெஜத்தையே தட்டுத் தடுமாறித்தான் தாண்டின. ஐந்தாம் எண்ணால் முக்கால் வீச்சில் அடித்தவை 130-ஐ ஒட்டி விழுந்தன. பந்து பொறுக்க வந்த மாமாவின் பேரன், “தாத்தா, மெதுவா அடிச்சாத்தான் தூரமா போவுது” என்று கத்தினான். மாமா வரப்பில் உட்கார்ந்தபடி, “அதைத்தான் நான் மம்முட்டி பிடிக்கிறவனுக்கெல்லாம் சொல்றேன்” என்று முனகினார்.

மிக அதிக தூரத்துக்கு அடிக்கும் மட்டையான டிரைவரைப் பற்றிக் கேட்பீர்கள். டீயை, அதாவது முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி வைக்கும் முளையை, மண்ணோடு மண்ணாக அழுத்தச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. டீ மிகவும் தாழ்ந்தால் கை தன்னையறியாமல் மேலிருந்து கீழே வெட்டுகிறது, சுழற்சி கூடுகிறது. வழக்கமான உயரத்திலிருந்து ஒரு நூல் மட்டும் குறைத்துக்கொண்டு நிதானமாக அடிப்பதே எனக்குப் பலன் தந்தது. உங்களுக்கு வேறு விதமாக அமையலாம், அதற்காக என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். பந்து வலப்புறம் வளையும் பழக்கம் உள்ளவர்கள் எதிர்க்காற்றில் அந்த வளைவு இன்னும் பெரிதாகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்து இடப்புறம் குறி வைக்க வேண்டும்.

காற்றைப் பார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். புல்லைக் கிள்ளி எறிந்து பார்ப்பது உங்கள் தலை உயரத்துக் காற்றை மட்டுமே காட்டும். பந்து பறக்கப் போவது அதற்கு மிக மேலே. டீ இருக்கும் இடம் மரங்களால் மறைந்திருந்தால் காற்றே இல்லை என்று ஏமாந்துவிடுவோம். பனை மட்டைகளைப் பாருங்கள், கிரீனில் உள்ள கொடியைப் பாருங்கள். நம் கரையில் ஆனி, ஆடி மாதங்களின் முற்பகலில் மேற்கே இருந்து கோடைக் காற்று அடிக்கும். பிற்பகலில் கடல்காற்று வந்து அதை முற்றாகத் திருப்பிப் போடும். காலையில் பின்காற்றாக இருந்த அதே ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளி) மாலையில் எதிர்க்காற்றாகிவிடும். கடல்காற்று ஈரமாக இருப்பதால் கனமானது, அதனால்தான் பந்து போகவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று இலேசானது. பழியை அதன் மேல் போட முடியாது.

எதிர்க்காற்றால் ஒரு நன்மையும் இருக்கிறது. பந்து செங்குத்தாக இறங்குவதால் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்; தாண்டி ஓடிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எனவே சந்தேகம் வந்தால் கிரீனின் பின்விளிம்பைக் குறி வையுங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குளத்துக்கு முன்னால், அதே போன்ற ஒரு பிற்பகலில், அதே பெரியவரோடு நின்றேன். மேலாளர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். இந்த முறை நானே ஐந்தாம் எண்ணைக் கேட்டேன். பந்து பனை உயரத்துக்குக் கூட எழாமல் குளத்தைத் தாண்டி, கிரீனின் இடது ஓரத்தில் விழுந்து நின்றது. பெரியவர் எதுவும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அங்கே போய்க் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பட் செய்ய, அதாவது பந்தைக் குழியை நோக்கித் தட்டி உருட்ட, போனேன். காற்றில் உடம்பே ஆடியது. மூன்று தட்டல்கள் ஆயின. காற்றில் பட் செய்யும்போது கால்களை அகட்டி நிற்க வேண்டும் என்பதைக் கொடியைத் திரும்பச் செருகிக்கொண்டே அவர் சொன்னார்.