"பரிணாமம்தான் காரணம்" என்ற பத்தியை எப்படித் திருத்துவது?

"பெண்கள் வசதியான துணையைத் தேடுவது பரிணாமத்தால் வந்தது" என்ற உங்கள் பத்தியை "சோதிக்க முடியாத கதை" என்று நெறியாளர் திருப்பி அனுப்பியது சரிதான். துணையின் வசதியை ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்று 1989-இல் உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் கண்டதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட்டீர்கள். எங்கும் இருப்பதாலேயே அது பிறவிக் குணம் ஆகிவிடாது. எல்லா இடத்திலும் சொத்து ஆண்கள் கையில் இருந்தாலும் இதே விடைதான் வரும். பஸ்ஸின் அதே தரவை 1999-இல் உளவியலாளர்கள் ஈக்லியும் வுட்டும் மறுபடி அலசியபோது, பாலினச் சமத்துவம் கூடிய நாடுகளில் இந்த ஆண்-பெண் வேறுபாடு குறைந்திருந்தது. ஆனால் அடியோடு மறையவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

"கற்காலத்தில் இப்படித்தான்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். விருப்பங்கள் புதைபடிவமாகக் கிடைப்பதில்லை. பெண்ணின் சொந்த வருமானம் உயர்ந்தால் என்ன ஆகும் என்று, பரிணாமம், ஆண்கள் கையில் சொத்து ஆகிய இரண்டு விளக்கங்களும் தனித்தனியே எதைக் கணிக்கின்றன? அங்கிருந்து பத்தியைத் தொடங்குங்கள்.